அந்த இரண்டாவது கரண்டு பில்லுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் கரண்டு பில் கட்டுவது என் வேலை. மாதத்தின் இரண்டாவது வாரம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் கணவரின் போனை வாங்கி, மலேசிய மின்வாரியத்தின் மைடிஎன்பி செயலியில் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். 2022 ஆகஸ்டில் அப்படித் திறந்தபோது பினாங்குத் தீவில் எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டின் கணக்குக்குக் கீழே இன்னொரு கணக்கு இருந்தது. முகவரி பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம். கட்ட வேண்டியது 87 வெள்ளி 40 காசு. எங்கள் பில் அந்த மாதம் 61 வெள்ளிதான். ஏர்கோன் வைத்தால் பில் ஏறிவிடும் என்று பிள்ளைகள் அறைக்குக்கூட வாங்க விடாதவர் அவர்.

யார் வீடு என்று கேட்டேன். கூட்டாளி வீடு, அவனுக்கு ஆன்லைனில் கட்டத் தெரியாது என்றார். இரவு 2 மணிக்கு உண்மை வந்தது. பிறை என்ற ஊரில் அவரோடு வேலை செய்யும் பெண். இரண்டு வருடப் பழக்கம். அந்த வீட்டு வாடகையில் பாதி அவர் பணம். எங்களுக்குத் திருமணமாகி 14 வருடம். மகனுக்கு அப்போது 12 வயது, மகளுக்கு 9.

இன்று இரவு இதே மாதிரி ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேர்ந்து இருப்பதா, பிரிவதா என்று நீங்கள் இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்த முடிவு காத்திருக்கும். உங்கள் உடம்பு, பணம், பத்திரங்கள், வேலை இவை காத்திருக்காது. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். இருக்கலாமா போகலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன், பகலெல்லாம் அந்தப் பெண்ணைத் தேடினேன். மூன்று மாதம் அதிலேயே போனது.

தேடினேன் என்றால் சாதாரணமாக இல்லை. ஃபேஸ்புக்கில் அவள் பெயர், அவள் தங்கை பெயர், அவர்கள் போன கல்யாணங்களின் படங்கள். அவள் 2019 தீபாவளிக்கு உடுத்திய சேலை என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு அந்த மாதம் என்ன பரீட்சை என்று தெரியாது.

நவம்பரில் ஒரு நாள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஜெட்டிக்குப் போய், ஃபெரியில் பட்டர்வொர்த் இறங்கி, அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போனேன். முகவரி மனப்பாடம். அந்த பிளாட்டின் கீழே ஒரு மூடிய கடை, அதன் முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றேன். 10 மணியிலிருந்து. நான்காவது மாடியில் துணி காய்ந்தது. ஒரு நீலச் சட்டை. அது அவர் சட்டையா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மாதிரிச் சட்டை நான்தான் ஒரு முறை அவர் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மதியம் ஒரு பெண் வந்து துணியை எடுத்தாள். அவள்தானா என்பதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு தூரம்.

போனை அடக்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது பள்ளியிலிருந்து ஏழு அழைப்புகள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 4.20. பள்ளி விட்டு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. காவலர் அறைக்கு வெளியே இரண்டு பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் அழுது முடித்திருந்தாள். மகன் என்னிடம், "அம்மா, உங்களுக்கு ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டான். அப்பா வீட்டுக்கு வராத நாட்களில் அவன் எவ்வளவு பயந்து போயிருக்கிறான் என்று அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவே ஃபேஸ்புக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அவளைப் பற்றி ஆதாரம் சேர்க்க வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேண்டிய ஆதாரம் அந்தக் கரண்டு பில்லிலும் அவரே ஒப்புக்கொண்டதிலும் இருந்தது. மீதி எல்லாம் என் புண்ணை நானே கிளறியதுதான்.

சரி, முதலில் உடம்பு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல வெட்கப்படுவார்கள். கணவருக்கு வெளியே உறவு இருந்திருக்கிறது என்றால் நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்து, டாக்டரிடம் நேராகச் சொன்னேன். எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிருமி உடம்பில் நுழைந்தாலும் பரிசோதனையில் தெரியச் சில வாரம் பிடிக்கும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். அந்த மூன்று மாதம் அவரோடு ஒரே அறையில் படுக்கவில்லை. ரத்தம் எடுத்த மிஸ்ஸி (தாதி) என் வயதுதான் இருப்பார். கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுத்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். இரண்டு முடிவும் நல்லபடியாக வந்தன.

அடுத்து பணம். இங்கேதான் என் அறியாமை முழுதும் வெளியே வந்தது. 2012-இல் இரண்டாவது பிள்ளைக்காக வேலையை விட்ட பிறகு என் பெயரில் தனியாக ஒரு பேங்க் கணக்குகூட ஓடவில்லை. இருந்த கூட்டுக் கணக்குக்கும் கடவுச் சொல் எண் அவர் போனுக்குத்தான் வரும். வேறு பேங்கில் என் பெயரில் மட்டும் கணக்கு திறந்தேன். புதுப் போன் நம்பர் வாங்கி, இமெயில் முதல் எல்லாவற்றுக்கும் ரகசிய எண்ணை மாற்றினேன். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் அறிக்கையை இணையத்தில் எடுத்தேன். அது இலவசம்தான், ஒருவர் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது, கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மாதம் தவணை தவறியது என்று அதில் வரும். எங்கள் இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக் கடனில் இரண்டு மாதத் தவணை பாக்கி என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக் கடனுக்கென்று நான் கறாராக ஒதுக்கிக் கொடுத்த பணம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கவுண்டருக்கும் போனேன். வேலை செய்த காலத்தில் சேர்ந்த பணம் 19 ஆயிரம் வெள்ளி அப்படியே இருந்தது. நான் இறந்தால் யாருக்கு என்ற இடத்தில் அவர் பெயர். மாற்றிப் பிள்ளைகள் பெயரை எழுதினேன். பிரிவோ சேர்க்கையோ, இதை ஒருமுறை போய்ப் பாருங்கள். பல பேர் கல்யாணமான புதிதில் எழுதியதோடு மறந்துவிடுகிறோம்.

பத்திரங்களை ஒரே நாளில் எடுத்தேன். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், அவருடைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு, காரின் உரிமைப் பத்திரமான கிராண்ட். போனில் படம் எடுத்து, ஒரு நகலைச் சுங்கைப்பட்டாணியில் அம்மா வீட்டில் வைத்தேன். திருமணச் சான்றிதழைக் கையில் பிடித்தபோது, கூட வேலை செய்த ஒரு அக்கா ஞாபகம் வந்தது. அவருக்குக் கோயிலில் தாலி கட்டினார்கள், சோறு போட்டார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணங்களுக்கு இந்த நாட்டில் ஒரே சட்டம், பதிவும் கட்டாயம். பதிவு இல்லாததால் கணவர் போன பிறகு மனைவி என்று நிரூபிக்கவே அவர் பட்டபாடு பெரும்பாடு. மகளுக்கோ தங்கைக்கோ திருமணம் பேசுகிறவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பதிவுத் தேதியை வாங்குங்கள்.

வேலை கிடைக்குமா என்ற பயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. 39 வயது, பதினோரு வருட இடைவெளி. தெரிந்தவர்கள் பலகாரம் செய்து விற்கச் சொன்னார்கள், தையல் எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அப்போது தேவைப்பட்டது மாதம் தவறாத சம்பளம், இபிஎஃப், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, ஒரு சம்பளச் சீட்டு. பேங்க்காரரும் நீதிமன்றமும் கேட்பது அந்தச் சீட்டைத்தான். பழைய கூட்டாளி ஒருத்தி பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் லைன் லீடராக இருந்தாள். 2023 மார்ச்சில் அவள் சொல்லி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆறு மாத ஒப்பந்தம், 12 மணி நேர ஷிப்ட், அடிப்படைச் சம்பளம் 1,500 வெள்ளி. ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ் சேர்த்துக் கைக்கு 2,200 பக்கம் வந்தது.

முதல் வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வாந்தி வந்தது. கால் வீங்கியது. இரவு ஷிப்டில் 3 மணிக்கு, எல்லோரும் முகத்தை மூடிய வெள்ளை உடையில் குனிந்திருக்கும்போது கண்ணீர் தானாக வரும், துடைக்கவும் முடியாது. ஆனால் அந்த 12 மணி நேரம் நான் யாருடைய மனைவி என்று யாரும் கேட்கவில்லை. பாகங்களை எண்ணி, கோளாறானதை ஒதுக்கி, கையெழுத்துப் போட வேண்டும். கை பழகப் பழகத் தலை கொஞ்சம் அமைதியானது. ஆறாவது மாதம் நிரந்தரம் செய்தார்கள்.

பிள்ளைகளை யார் பார்ப்பது? மேல் மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி. அவருடைய கணவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனார் என்று பிறகு சொன்னார். இரவு ஷிப்ட் நாட்களில் பிள்ளைகள் அவர் வீட்டில் படுத்தார்கள், மாதம் 250 வெள்ளி கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பி மகள் புத்தகப் பைக்குள் வைத்துவிடுவார்.

சொந்தக்காரர்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. "ஆம்பிளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா" என்றார் மாமியார். என் அண்ணன் அவரை அடிக்கப் போகிறேன் என்றார். இருவரையும் நிறுத்தினேன். எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். மூன்று பேர் போதும்: அழ ஒருவர், காரியம் செய்ய ஒருவர், விவரம் தெரிந்தவர் ஒருவர். எனக்கு அந்த மூன்றாவது ஆள், டபிள்யூசிசி என்று எல்லோரும் சொல்லும் பினாங்குப் பெண்கள் மையத்தின் ஆலோசகர். 1985 முதல் இங்கே இயங்கும் அமைப்பு, ஆலோசனை இலவசம், ரகசியம் காப்பார்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு டபிள்யூஏஓ என்ற பெண்கள் உதவி அமைப்பு இருக்கிறது. கைநீட்டும் கணவர் என்றால் யோசிக்காமல் 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். என் கணவர் என்னை அடித்ததில்லை. அதனால்தான் நிதானமாகத் திட்டமிட எனக்கு நேரம் கிடைத்தது. அடி வாங்கும் வீட்டில் என் யோசனைகள் பொருந்தாது, அங்கே முதலில் பாதுகாப்பாக வெளியே வருவதுதான் வேலை.

2023 தைப்பூசம் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கமாக நாங்கள் நால்வரும் வெள்ளி ரதத்தின் பின்னால் நடந்து தண்ணீர்மலைக்குப் போவோம். அந்த வருடம் பிள்ளைகளும் நானும் மட்டும். தெரு முழுதும் சிதறு தேங்காய்க் குவியல். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். எப்போதும் அவர்தான் உடைப்பார். நான் ஓங்கி அடித்தேன், உடையவில்லை, உருண்டு போனது. பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா அதை எடுத்து வந்து, "இன்னொரு தடவை போடு தாயி" என்றார். இரண்டாவது தடவை சில்லுச் சில்லாகப் போனது. 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி முருகனைப் பார்த்தபோது என் கணவரைத் திருப்பிக் கொடு என்று கேட்க நினைத்து வந்தேன், வாயில் அது வரவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

அதன் பிறகுதான் பிரிவது என்று மனம் முடிவு செய்தது. அவரும் அந்த உறவை விடத் தயாராக இல்லை.

சட்டம் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம். இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான வழி, ஷரியா நீதிமன்ற முறை வேறு. ஒருவர் மட்டும் மனுப் போட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவு இலாகாவின் திருமண சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் பேச வரக் கூடாது. சமரசம் ஆகவில்லை என்று அவர்கள் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் உயர் நீதிமன்றம். இருவரும் ஒத்துக்கொண்டு கூட்டு மனுப் போட்டால் அந்தக் குழு தேவையில்லை. திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது இரண்டு வழிக்கும் பொது.

நான் முதலில் குழுவுக்குத்தான் எழுதிப் போட்டேன். கள்ளத் தொடர்பைக் காரணமாகக் காட்டவும், அந்தப் பெண்ணையும் வழக்கில் சேர்த்து நஷ்டஈடு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அவள் பெயர் நீதிமன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. வழக்கறிஞர் என்னிடம், நிரூபிக்க எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, பிள்ளைகள் எதைக் கேட்க நேரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்த வெறிக்கு என்னிடம் பலம் இல்லை என்று தெரிந்தது. கூட்டு மனுவுக்கு அவரும் சம்மதித்தார். வேறு பெண்ணுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம், வழக்காடிப் பெயரைச் சொல்ல வைத்தவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

வழக்கறிஞர் கட்டணத்தில் என் பங்கு 1,500. இரண்டு வளையலை அடகுக்கடையில் வைத்தேன். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். ஐந்தாவது மாதம் மீட்டேன். சீட்டின் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

கூட்டு மனு என்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனுவில் எழுதுவதுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்" என்று எழுத வந்தபோது நான் மறுத்தேன். மாதம் 800 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி, என் கணக்கில், பள்ளித் தொடக்கச் செலவில் பாதி என்று எழுத வைத்தேன். பராமரிப்பு 18 வயதோடு நிற்க வேண்டியதில்லை, மேற்படிப்பு முடியும் வரை கேட்கலாம் என்று 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இருக்கிறது. அதையும் எழுதினோம். சொத்தைப் பிரிக்கும்போது வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதையும் நீதிமன்றம் பங்களிப்பாகக் கணக்கில் எடுக்கிறது. "நீ என்ன சம்பாதித்தாய்?" என்று அவர் ஒரு முறை கேட்டார். பதினோரு வருடம் நான் சமைத்த சோற்றுக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்த நாளில் முதுகு நிமிர்ந்தது.

2024 ஜனவரியில் இடைக்காலத் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் இறுதித் தீர்ப்பு. நீதிமன்றத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பேசாமல் கொம்தார் வரை நடந்தேன்.

பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சொன்னோம். அப்பா வேறு வீட்டில் இருக்கப் போகிறார், இதற்கு நீங்கள் காரணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வருவார். அவ்வளவுதான். அவளைப் பற்றி நான் சொல்லவில்லை. மகன் ஒரு வருடம் கழித்துத் தானே கேட்டான், பொய் சொல்லாமல் சுருக்கமாகச் சொன்னேன். ஆறு மாதம் அப்பாவோடு வெளியே போக மறுத்தான், நான் வற்புறுத்தவில்லை. இப்போது போகிறான். மகள் ஒருமுறை, "அப்பாவை மிஸ் பண்ணினா நீங்க கோவிச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள். கோபிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். ஆகஸ்டில் இன்னும் வருகிறது. நீலச் சட்டை போட்ட ஆளைப் பின்னாலிருந்து பார்த்தால் வருகிறது. முன்பு ஒரு வாரம் படுக்க வைக்கும், இப்போது ஒரு சாயங்காலத்தோடு போகிறது. லைனில் இரண்டு பெண்கள் இதே கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒருத்தி கணவரை மன்னித்துச் சேர்ந்து வாழ்கிறாள், அவர் வேலையை மாற்றினார், போனைத் திறந்து வைக்கிறார், இருவரும் ஆலோசகரிடம் போகிறார்கள். அவளும் தன் பெயரில் கணக்குத் திறந்திருக்கிறாள். அது எனக்கு நிம்மதி.

பாக்கி இருப்பது வீடுதான். அவர் தன் பாதியை எனக்கு விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டார், தீர்ப்பிலும் இருக்கிறது. ஆனால் பேங்க்குக்கு அந்தத் தீர்ப்பு மட்டும் போதாது. 2042 வரை ஓடும் கடனை நான் தனியாகக் கட்ட முடியும் என்று காட்டி, என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதுவரை அவர் கட்டத் தவறினாலும் என் சிசிரிஸில்தான் விழும், அதனால் தவணை முழுவதையும் நானே கட்டிவிட்டு அவருடைய பங்கை வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது. போன மாதம் சீனியர் ஆபரேட்டர் ஆக்கியிருக்கிறார்கள். புதுச் சம்பளத்தில் மூன்று மாதச் சீட்டு சேர்த்துக் கொண்டு வாருங்கள் என்று பேங்க் அதிகாரி சொல்லியிருக்கிறார். ஒன்று வந்துவிட்டது. ஃபைலில் வைத்திருக்கிறேன்.